பொங்கல் எங்கன வைப்பிய?

அகிலாண்டேஸ்வரி மெட்ராஸுக்குப் படிக்கப் போனதே தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. அங்கே போய்ச் சமூகவியல் என்று ஒரு பாடத்தை எடுத்தாள் என்பது அதைவிடப் பெரிய பேச்சு. "அதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டவர்களிடம் அவளுடைய அப்பா கைலாசம் பிள்ளை, "சனங்களப் பத்தின படிப்பாம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. இலத்தூர்ப் பக்கம் வயலும், தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்தெருவில் நாலு வீடு கொண்ட ஒரு வளவும் வைத்திருந்த மனிதருக்குச் சனங்களைப் பற்றிப் புத்தகம் வேறு வேண்டுமா என்ன? களத்தில் யார் எதுவரை வரலாம், நடையில் யார் உட்காரலாம், யாருக்கு எந்தச் செம்பில் தண்ணீர் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர் யோசிக்காமலே செய்கிற காரியங்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், முதலாண்டு முடிகிற சமயம். லெக்சரர் அம்மா வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ஊர்ல இன்னும் ஏற்றத்தாழ்வு இருக்கா?" முதலில் கை தூக்கியது நம்முடைய அகிலாதான். "எங்க ஊர்ல அதெல்லாம் போயிட்டு மிஸ். நாங்க யாரையும் வித்தியாசமா நடத்துறதில்ல." வகுப்பில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். லெக்சரர் அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தாள். சாதியை நேராகக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். அதைக் கேட்காமலேயே உங்கள் ஊரில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள். பார்த்து எழுதச் சொன்னாளே ஒழிய, போய்க் கேட்கச் சொல்லவில்லை. கேட்டது அகிலாவின் சொந்தக் கெட்டிக்காரத்தனம்.

ரயிலில் வரும்போதே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று, எங்கே பிழைக்கப் போனவர்களும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். எந்தச் சாஸ்தா என்று தெரிந்தால் ஓர் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதியாரும் வருவார்கள்தான். ஆனால் கோயிலில் எந்த இடத்தில் அடுப்புக் கூட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டால் மீதியும் தெரிந்துவிடும். சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, ஊரை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, பெற்ற தகப்பன் பெயரை மாற்றிச் சொன்னவர்கள்கூட உண்டு. சாஸ்தா விஷயத்தில் பொய் சொன்னவரை மட்டும் இந்தப் பக்கத்தில் பார்க்க முடியாது. சொன்னால் அது பிள்ளைகள் தலையில் விடியும் என்று அத்தனை பயம்.

ஊருக்கு வந்ததும் சோதித்துப் பார்த்தாள். தெருவில் மூன்று நாலு வீட்டில் கேட்டாள். எல்லாம் கனகச்சிதமாக வந்தது. சேலை விற்க வந்த சைதூன் பீவியிடமும் விளையாட்டாகக் கேட்டாள். "எங்களுக்கு ஏதுட்டி சாஸ்தா? ஒனக்குப் படிச்சுப் படிச்சு மண்டை கொழம்பிட்டு" என்று சைதூன் பீவி சிரித்தாள். அகிலாவுக்கும் சிரிப்பு. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள் அந்தப் பெண்.

வளவின் கடைசி வீட்டில் கல்யாணசுந்தரி என்று ஒரு டீச்சர் குடியிருந்தாள். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். கூட அவளுடைய அம்மா முத்துவடிவு மட்டும். கடையம் பக்கத்து ஆட்கள், நம்மவர்கள்தான் என்று சொல்லிக் குடிவந்தவர்கள். வந்து இரண்டு வருஷமாகிறது. வளவுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அந்தத் தெருவில் பிறந்தவர்களைவிடச் சுத்தமாக இருந்தார்கள். அகிலாவின் அம்மா உலகம்மாளுக்கு முத்துவடிவு என்றால் உயிர். முருங்கைக்காய் நாலு கிடைத்தால் இரண்டு அந்த வீட்டுக்குத்தான். அகிலாவும் அவளை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவாள். முத்துவடிவுக்கு இவள் எப்போதும் 'ஏட்டி அகிலா'தான்.

கல்யாணசுந்தரிக்கு அகிலாவின் பாடப் புத்தகத்தின் மேல் ஓர் ஆசை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாங்கிப் புரட்டுவாள். ஒருநாள், "சமூக இடைவெளின்னா என்ன?" என்று கேட்டாள். அகிலா மூச்சு விடாமல் விளக்கினாள். யாரோடு யார் சாப்பிடலாம், யார் வீட்டுக்குள் யார் வரலாம், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், அதை அளக்க ஒரு வெள்ளைக்காரர் எப்படி வழி கண்டுபிடித்தார் என்றெல்லாம் சொன்னாள். டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணுமாக்கும்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று அகிலா நினைத்துக்கொண்டாள்.

ஆனி பிறந்ததும் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள், அகிலா, கல்யாணசுந்தரி, முத்துவடிவு நாலு பேரும் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு காலை பஸ்ஸில் போனார்கள். பேரருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. யார் தோளில் யார் கை, யார் காலை யார் மிதித்தார்கள் என்று ஒன்றும் தெரியாத கூட்டம். உலகம்மாளுக்குத் தண்ணீரின் வேகத்தைப் பார்த்துப் பயம். முத்துவடிவுதான் அவளைக் கட்டிப் பிடித்து அருவிக்குள் நிறுத்தி, தலையில் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். "எங்கம்மா தேச்சுவிட்ட மாதிரி இருந்துச்சு மதினி" என்று வெளியே வந்து பல்லைக் கிட்டிக்கொண்டு சொன்னாள் உலகம்மாள்.

ஈரத் தலையோடு ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். முத்துவடிவு கிண்டிக்கொண்டு வந்த புளியோதரை. அவளே எல்லோருக்கும் இலையில் வைத்தாள். குளித்த பசியில் சோறு தேவாமிர்தமாக இறங்கியது. அந்த நேரத்தில்தான் அகிலாவின் வாயில் சனி உட்கார்ந்தது.

"அத்தை, போன உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போனிய?"

முத்துவடிவின் கை சோற்றுப் பாத்திரத்தில் நின்றது. "மருதடி சாஸ்தா" என்றாள், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

உலகம்மாளுக்கு முகமெல்லாம் பல். "எங்க சாஸ்தால்லா. இத்தன நாள் சொல்லவே இல்லியே மதினி. அடுத்த உத்திரத்துக்கு ஒரே வண்டியா கெட்டிக்கிட்டுப் போயிருவோம்."

அங்கேயே அகிலா வாயை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் மூடவில்லை. ஏதோ ஒன்று இடறியது அவளுக்கு. ஒரே சாஸ்தா என்றால் வருஷா வருஷம் கோயிலில் பார்த்திருக்க வேண்டுமே, ஏன் பார்த்ததில்லை? நிமிர்ந்தாள். எதிரே கல்யாணசுந்தரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும், யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்பதுபோல் அசைத்தாள். அகிலா அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும், கணக்குக்கு விடை சரியா என்று பார்த்துவிடுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அரிப்பு அவளை விடவில்லை.

"அங்கன பொங்கல் எங்கன வைப்பிய அத்தை?"

எத்தனையோ பொய்யை முத்துவடிவு இரண்டு வருஷமாகச் சொல்லியிருந்தாள். நாக்கில் எச்சில் ஊறினாலும் கருவாட்டை மறந்திருந்தாள். செத்துப்போன புருஷனுக்குக்கூடப் பிள்ளை என்று ஒரு வால் ஒட்டவைத்திருந்தாள். இந்த ஒரு கேள்விக்குத்தான் அவளிடம் பொய் இல்லை. மகளைப் பார்த்தாள். பிறகு மேற்கே மலையைப் பார்த்தாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம், இலுப்ப மரத்து மூட்டுல" என்றாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் யார் பொங்கல் வைப்பார்கள் என்பது உலகம்மாளுக்குத் தெரியாதா? அவர்கள் வயலில் நாற்று நடுகிற சனம் அங்கேதான் வைக்கும். வாய்க்குப் போன கை இலைக்குத் திரும்பியது. கத்தவில்லை, ஏசவில்லை. "சாரல் வலுக்கு. கெளம்புவோம்" என்றாள். இலையைச் சுருட்டிப் பாறைக்குக் கீழே போட்டாள். பஸ்ஸில் முத்துவடிவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் தென்காசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை வளவுக் கிணற்றை இறைக்க ஆள் வந்தது. முந்தின மாதம்தான் தூர் வாரிய கிணறு. வாளி வாளியாக இறைத்து முற்றத்தில் ஊற்றினார்கள். தண்ணீர் கடைசி வீட்டு வாசல் கோலத்தை அழித்துக்கொண்டு ஓடியது. அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. இறைத்து முடித்ததும் ஐயர் வந்து மந்திரம் சொல்லிக் கிணற்றுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதற்குப் பிறகு சாயங்காலம் கைலாசம் பிள்ளை முற்றத்தில் நின்று, மிகவும் மரியாதையாக, "வீட்ட இடிச்சுக் கெட்டலாம்னு இருக்கேன் டீச்சர். ஆடிக்குள்ள ஒழிச்சுக் குடுத்தா சவுரியமா இருக்கும்" என்றார். "சரிங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

அகிலா தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் பேச நினைத்தாள். என்ன பேச வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால், 'படிச்சது போதும், வீட்ல இரு' என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிடுவார் என்பதும் தெரியும். மெட்ராஸ் ரயிலை நினைத்துக்கொண்டாள். தூணை விட்டு நகரவில்லை. அந்தத் தூண் மறைவை நினைத்தால் பிற்பாடு அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம்போல் இருக்கும்.

தென்காசியில் அவர்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. பேச்சு அதற்குள் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கும் போனது. எங்கள் பிள்ளையை அந்த டீச்சர் வகுப்பிலிருந்து மாற்றுங்கள் என்று இரண்டு வீட்டிலிருந்து வந்து நின்றார்களாம். மலையடிவாரத்தில் யாரும் போக விரும்பாத ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணசுந்தரியை மாற்றினார்கள். அங்கே குடியிருக்க வீடு கிடையாது. அவள் பக்கத்து ஊரில் ஒரு விடுதி அறையில் தங்க வேண்டும். முத்துவடிவு பழையபடி கடையத்துக்கே திரும்ப வேண்டும். அம்மாவைச் சேற்றில் இறங்க விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பெண் வாத்தியார் வேலைக்கே படித்தாள். அது இரண்டு கேள்வியில் முடிந்துவிட்டது.

வண்டியில் சாமான் ஏறும்போது அகிலா கிட்டே போனாள். 'தெரியாமக் கேட்டுட்டேன்' என்று சொல்லத்தான் போனாள். கல்யாணசுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

"போன வருசம் உத்திரத்துக்கு ஒங்கள எல்லாம் அங்கன பாத்தோம்" என்றாள் கல்யாணசுந்தரி. "எங்க நீங்க பாத்திருவியளோன்னு முக்காட்டப் போட்டுக்கிட்டு நாள் பூரா குனிஞ்சே இருந்தேன். அவ்வளவு பயந்திருக்க வேண்டாம். ஒங்க ஆளுக யாரும் ஓடைக்கு இந்தப் பக்கம் திரும்பியே பாக்கல."

முத்துவடிவு பானையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, "வாறோம் தாயி" என்றாள். ஏட்டி இல்லை, அகிலா இல்லை. வயலில் வேலை செய்கிறவர்கள் பண்ணையார் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற தாயி. அகிலா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் என்று நினைத்து உலகம்மாள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

கல்லூரி திறந்ததும் அகிலா கட்டுரை எழுதிக் கொடுத்தாள். ஆமாம், எழுதத்தான் செய்தாள். ஊர்ப்பெயரை மாற்றி, ஆள் பெயரை மாற்றி, அருவியும் புளியோதரையும் கிணறும் விடாமல் எழுதினாள். வகுப்பிலேயே அதுதான் சிறந்தது என்று லெக்சரர் அம்மா உரக்க வாசித்தாள். பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். வாசித்து முடித்துவிட்டு, "அந்த ரெண்டாவது கேள்வியக் கேட்டது யாரு?" என்றாள்.

"எங்கம்மா, மிஸ்" என்றாள் அகிலா.

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத உலகம்மாளின் தலையில் தன் பாவத்தைத் தூக்கி வைத்துவிட்டு, எல்லோரும் கைதட்ட உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு ருசிக்கவில்லை. விடுதியில் புளியோதரை போடும் நாளில் எழுந்து போய்விடுவாள். அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், 'அன்புள்ள அம்மாவுக்கு' என்பதோடு பேனா நின்றுவிடும்.

மறு பங்குனியில், பரீட்சை நெருங்குகிற நேரத்தில், உத்திரத்துக்கு வருகிறேன் என்று அகிலா ஊருக்கு வந்து இறங்கினாள். படிக்கப் போனாலும் சாமியை மறக்கவில்லையே என்று உலகம்மாளுக்குப் பெருமை.

மருதடி சாஸ்தா கோயிலில் வழக்கமான கூட்டம். மருத மரத்தைச் சுற்றி அவரவர் இடத்தில் அவரவர் அடுப்பு. புகையில் கண் திறக்க முடியவில்லை. உலகம்மாள் அரிசியைக் களைந்து பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்த அகிலா, அன்றுதான் முதல்தடவையாக ஓடைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் இதே கூட்டம். இதே புகை. இலுப்பை மரத்தடியில் முத்துவடிவு குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முன்பைவிடக் கறுத்து, இளைத்திருந்தாள். காலில் சேற்றுப்புண்ணுக்கு மருந்து அப்பியிருந்தது.

பங்குனி மாதத்து ஓடை. தண்ணீர் கணுக்காலை நனைத்தால் அதிகம். சேலையைக்கூடத் தூக்கிக்கொள்ளாமல் அகிலா இறங்கி நடந்தாள். இரண்டு கரையிலும் பேச்சு நின்றது. அங்கே அவளை முதலில் பார்த்தது கல்யாணசுந்தரி. கிடந்த விறகையெல்லாம் விட்டுவிட்டு விறகு பொறுக்கப் போகிறவள்போல் மரங்களுக்குள் போய்விட்டாள். அவள் திரும்பி வரவில்லை.

"அத்தை" என்றாள் அகிலா.

முத்துவடிவு எழுந்து நின்றாள். "வாங்க தாயி. அம்மா தேடுவாவ, போங்க."

"அன்னைக்கு டீச்சர் வேண்டாம்னு தலைய ஆட்டுனதப் பாத்தேன் அத்தை. பாத்துக்கிட்டேதான் கேட்டேன். அப்பாட்ட ஒரு வார்த்தை பேசல. காலேஜ்ல போயி, எங்கம்மா கேட்டான்னு வேற பொய் சொன்னேன்." சொல்லச் சொல்ல அகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் மேல கோவமா அத்தை?"

வேறெங்கே கேட்டிருந்தாலும் இதற்கு ஒரே பதில்தான். 'ஒன் மேல என்ன கோவம், சின்னப் பிள்ளை' என்று யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். அதை வாங்கிவிட்டால் சாப்பிடலாம், தூங்கலாம், பரீட்சை எழுதலாம்.

முத்துவடிவு சாஸ்தா இருக்கிற பக்கம் பார்த்தாள். அங்கிருந்து சாமி தெரியாது. மருத மரத்தின் உச்சி மட்டும் தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அக்கம்பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல் அகிலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேற எடத்துல கேட்டிருந்தா இல்லன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்" என்றாள். "மறுபடியும் சாஸ்தாவ முன்ன வச்சுக் கேக்கியே. இருக்குட்டி அகிலா. நெறைய இருக்கு."

பானை பொங்கியது. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். முத்துவடிவும் குனிந்து பானைக்குள் அரிசியைப் போட்டுவிட்டுக் குலவையிட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து உலகம்மாள், "ஏட்டி அகிலா, அங்கன என்ன செய்யுத?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவிடமும் பொய் சொல்ல முடியாத இடம் அது.